ஓடும் கார் மீது போலீஸ் எப்போது சுடலாம்? அமெரிக்கச் சட்டம் சொல்வது

போலீஸ் நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் காரை ஓட்டிக்கொண்டு போனால், அமெரிக்காவில் அது குற்றம். ஆனால் தப்பி ஓடுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரைச் சுட்டுவிட முடியாது. அவரால் யாருடைய உயிருக்காவது ஆபத்து இருக்க வேண்டும்.

இந்த அடிப்படையை வகுத்தது 1985-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மெம்ஃபிஸ் நகரில் ஒரு வீட்டில் திருடிவிட்டு வேலி ஏறித் தப்பப் பார்த்த 15 வயதுச் சிறுவனைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். அவனிடம் ஆயுதம் எதுவும் இல்லை. போலீஸுக்கோ பொதுமக்களுக்கோ உயிர்ச்சேதமோ பலத்த காயமோ நேரலாம் என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்தால்தான் சுடலாம், முடிந்த இடத்தில் முதலில் எச்சரிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த இடத்தில் இருந்த நிதானமான ஓர் அதிகாரியின் நிலையிலிருந்துதான் இதை எடைபோட வேண்டும் என்று 1989-ல் இன்னொரு தீர்ப்பு சொன்னது.

சரி, காரே ஆயுதமாகிவிட்டால்? கூட்டத்துக்குள் வேண்டுமென்றே காரை ஏற்றுபவர் விஷயத்தில் பெரிய குழப்பம் இல்லை. துரத்தல்களில்தான் சிக்கல். 2004-ல் ஆர்கன்சாவில் ஒரு கார் நிறுத்தப்பட்டதற்குக் காரணம் எரியாத ஒரு ஹெட்லைட். அங்கிருந்து தப்பிய கார் மணிக்கு 100 மைலுக்கு மேல் பறந்தது. கடைசியில் போலீஸ் 15 முறை சுட்டது. ஓட்டுநர் இறந்தார், பக்கத்தில் இருந்த பெண்ணும் இறந்தார். பொதுமக்களுக்குக் கடுமையான ஆபத்து இருக்கும்போது, அது தீரும் வரை சுடலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் போலீஸ் பக்கம் நின்றது. என் மனம் இதை முழுதாக ஏற்கவில்லை. ஓட்டுநர் செத்த பிறகும் கார் ஓடும், அதைப் பிடித்து நிறுத்த ஆள் இருக்காது.

இந்தக் காரணத்தாலேயே பல காவல்துறைகளின் உள்விதிகள் நீதிமன்றத்தைவிடக் கண்டிப்பானவை. வாகனத்தைத் தவிர வேறு ஆயுதத்தால் உயிருக்கு ஆபத்து வந்தாலொழிய ஓடும் வண்டியைச் சுடாதே என்று நியூயார்க் காவல்துறை 1972-லேயே விதி போட்டது. மத்திய அரசின் நீதி அமைச்சகம் 2022-ல் வகுத்த கொள்கையும், வண்டியை நிறுத்துவதற்காக மட்டும் சுடக் கூடாது என்கிறது. விலகி நின்றால் தப்பிக்கலாம் என்றால் அதிகாரி விலகத்தான் வேண்டும்.

2025 மே மாதத் தீர்ப்பு முக்கியமானது. 2016-ல் ஹூஸ்டன் அருகே, சுங்கக் கட்டணம் பாக்கி என்று ஒரு வாடகைக் காரை அதிகாரி நிறுத்தினார். கார் நகர ஆரம்பித்ததும் அவர் கதவோரப் படியில் தாவி ஏறிச் சுட்டார், ஓட்டுநர் இறந்தார். அவர் தொற்றிக்கொண்டிருந்த அந்த ஓரிரு விநாடியை மட்டும் பார்த்து கீழ்நீதிமன்றங்கள் அவர் செய்தது சரி என்றன. அது தவறு என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். நிறுத்திய காரணம், அதற்கு முன் நடந்தவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நீதிபதி எலினா கேகன் எழுதினார். ஆனால் சுட்டது நியாயமா என்று அவர்கள் தீர்ப்பளிக்கவில்லை. மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பினார்கள்.

இறந்தவரின் குடும்பம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். அப்போதும், சுட்டது தவறு என்று காட்டினால் மட்டும் போதாது. அப்படிச் சுடக் கூடாது என்பது அதற்கு முன்பே சட்டத்தில் தெளிவாக இருந்தது என்றும் காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த அதிகாரிக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிடும். 2010-ல் டெக்சாஸில் டயரைக் குத்தும் முள்பட்டைகள் சாலையில் விரித்துத் தயாராக இருந்தபோதே, மேம்பாலத்தில் நின்று, தப்பி ஓடிய காரைச் சுட்ட அதிகாரிக்கு 2015-ல் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது.