சிறையிருந்தவள்: ‘டாம்சல் இன் டிஸ்ட்ரஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வீடியோ கேம்களைப் பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் ‘டாம்சல் இன் டிஸ்ட்ரஸ்’. வில்லன் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்து வைப்பான், ஹீரோ கோட்டை கோட்டையாக ஏறிப் போய் அவளை மீட்டு வருவான். அடைபட்டிருக்கும் அவளுக்குத்தான் இந்தப் பெயர். பெரும்பாலும் ஏதாவது ஒரு நாட்டு இளவரசியாக இருப்பாள். தமிழில் இதை ‘அபலைப் பெண்’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் அவளுக்குப் பொருந்தவே இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் மூலச் சொல்லைப் பார்ப்போம். லத்தீனில் ‘டோமுஸ்’ என்றால் வீடு. வீட்டை ஆள்பவள் ‘டோமினா’. நம் ‘இல்லாள்’ போலவே அமைந்த சொல். அதற்குச் ‘சின்ன’ என்ற பொருள் தரும் விகுதி சேர்ந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததுதான் ‘டாம்சல்’. ‘சின்ன எஜமானி’ என்று வைத்துக்கொள்ளலாம். பேங்கிலும் ஸ்கூலிலும் நாம் நாள் முழுக்கச் சொல்லும் ‘மேடம்’ இதே வேரிலிருந்து வந்ததுதான். ஆக, தொடக்கத்தில் இது உயர்குடிப் பெண்ணைக் குறித்த மரியாதைச் சொல். பலவீனம் என்ற பொருள் அதில் இல்லை.

‘டிஸ்ட்ரஸ்’ இன்னும் சுவையானது. லத்தீன் வேருக்கு ‘இழுத்து நெருக்குதல்’ என்று பொருள். அதிலிருந்து துன்பம், நெருக்கடி என்ற பொருள்கள் வந்தன. ஆங்கிலச் சட்டத்தில் இதே சொல்லுக்கு ‘ஜப்தி’ என்றும் பொருள் உண்டு. வரி பாக்கிக்காகப் பொருளைக் கைப்பற்ற எழுதும் உத்தரவுக்கு ‘டிஸ்ட்ரஸ் வாரண்ட்’ என்றுதான் பெயர். அபகரிப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கேம்களில் அவளுக்கு நடப்பதும் அதுதான். அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பது அவளுடைய இயல்பு இல்லை. அவளை ஒருவன் கைப்பற்றி வைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

கேம்களில் இந்தக் கதையைப் பரப்பியது 1981-ல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘டாங்கி காங்’. ஷிகேரு மியாமோட்டோ உருவாக்கியது. பாப்பாய் கார்ட்டூனை வைத்து கேம் செய்ய உரிமை கிடைக்காததால், பாப்பாய், ஆலிவ், புளூட்டோ என்ற மூவர் கதையைத் தச்சன், காதலி, குரங்கு என்று மாற்றினார்கள். மாடி உச்சியில் நின்று கை ஆட்டுவதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வேலை இல்லை. முதலில் பெயரே இல்லை, ‘லேடி’ என்றுதான் இருந்தாள், பிறகுதான் பாலின் ஆனாள். பக்கத்தில் வந்து சேர்ந்ததும் ஒரு இதயம் தோன்றும், குரங்கு அவளை மறுபடி தூக்கிக்கொண்டு மேலே ஏறும், இதயம் உடையும். இந்த ஒரு கேமைப் பார்த்தால் ‘அபலை’ சரிதானே என்று தோன்றும். சரி, இந்த ஒன்றுக்கு ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து வந்தவைதான் விஷயம். தொண்ணூறுகளில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு, அந்த ‘டாங்கி காங்’ தச்சனே ஹீரோவாக வரும் மாரியோ கேம் என்றால் பர்மா பஜாரிலிருந்து வந்த ‘டிவி கேம்’. ‘9999 இன் 1’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய மஞ்சள் கேசட்டை ஊதிச் செருகினால் ஓடும். ஒவ்வொரு கோட்டையின் கடைசியிலும் ஒரு காளான் தலையன் நின்று, இளவரசி இங்கே இல்லை, வேறு கோட்டையில் இருக்கிறாள் என்பான். ஏழு தரம் இப்படி. எட்டாவது கோட்டையில்தான் அவள். அங்கே வரை போன அண்ணன்களிடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பொடியன் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “ஏண்ணா, அந்தப் பொண்ணு மாரியோவுக்கு இன்னா வேணும்?”

“அவனோட ஆளுடா.” அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் கேம் எங்கேயும் அப்படிச் சொல்லவில்லை. பெட்டியில் வந்த கையேட்டில் கதையே வேறு. குப்பா ராஜா தன் மந்திரத்தால் காளான் நாட்டு மக்களைக் கல்லும் செங்கல்லுமாக மாற்றிவிட்டான். அந்த மந்திரத்தை முறிக்கக்கூடிய ஒரே ஆள் இளவரசி, அவளும் இப்போது அவன் கையில் இருக்கிறாள். நாட்டு மக்களை மறுபடி மனிதராக்கும் சக்தி அவளிடம் மட்டும்தான். மாரியோ மீட்கப் போவது அவளைத்தான், அவள் வழியாக ஒரு நாட்டை. நமக்கு வந்த கேசட்டுக்குப் பெட்டியும் கிடையாது, கையேடும் கிடையாது. அவளுடைய பெருமை எழுதியிருந்த தாள் நம் கைக்கு வரவே இல்லை. குதிக்கிறவன் மட்டும்தான் நம் கண்ணில் பட்டான்.

1986-ல் வந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’வும் இப்படித்தான். செல்டா என்பது இளவரசியின் பெயர், ஹீரோ பெயர் லிங்க். பிடிபடுவதற்கு முன்பே அவள் ‘ஞானத்தின் முக்கோணம்’ என்ற மந்திரப் பொருளை எட்டுத் துண்டாக உடைத்து ஒளித்து வைக்கிறாள், தன் தாதியை வெளியே அனுப்பித் தைரியசாலி ஒருவனைத் தேடச் சொல்கிறாள். லிங்க் வருவதே அவள் போட்ட திட்டத்தால். ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வைக் கம்ப்யூட்டர் சென்டரில் ஆடியவர்களுக்கு வெள்ளை எலி நினைவிருக்கும். 1989-ல் ஜோர்டன் மெக்னர் செய்தது. மந்திரி ஜாஃபர் இளவரசிக்கு ஒரு மணி நேரம் கெடு கொடுக்கிறான், என்னைக் கல்யாணம் செய்துகொள், இல்லாவிட்டால் சாவு என்று. எட்டாவது கட்டத்தில் நம் ஆள் இரும்புக் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வான். என்ன குதித்தாலும் திறக்காது. சும்மா நின்றுகொண்டே இருந்தால், ஒரு எலி ஓடி வந்து தரையிலுள்ள பலகையை மிதிக்கும், கதவு எழும்பும். அதை அனுப்பியவள் இளவரசி. அடைபட்ட அறையிலிருந்து அவள் கை அவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது. அவள் உதவவில்லை என்றால் வீரன் அந்தக் கதவைத் தாண்டியிருக்கவே மாட்டான்.

‘அபலை’ வடமொழிச் சொல், ‘பலம் இல்லாதவள்’ என்று நேர்ப்பொருள். எலி அனுப்பியவளை, முக்கோணத்தை உடைத்து ஒளித்தவளை, மந்திரத்தை முறிக்கத் தெரிந்தவளை அப்படி எப்படிக் கூப்பிடுவது?

பொருத்தமான சொல் வைணவ மரபில் இருக்கிறது. பிள்ளை லோகாசாரியார் தம் ஸ்ரீவசன பூஷணத்தில், ராமாயணம் ‘சிறையிருந்தவள் ஏற்றம்’ சொல்கிறது, மகாபாரதம் ‘தூது போனவன் ஏற்றம்’ சொல்கிறது என்கிறார். வில் எடுத்தவன் ஏற்றம் என்று அவர் சொல்லவில்லை. காப்பியத்தின் பெருமையே சிறையில் இருந்தவளுடையது என்கிறார். உரைகாரர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். சிறைப்பட்டிருந்த தேவமாதரை விடுவிக்க அவள் தானே விரும்பிச் சிறையிருந்தாள் என்று விளக்குகிறார்கள். கம்பனின் சீதையும் அப்படித்தான் பேசுகிறாள். தோளில் ஏறிக்கொள்ளுங்கள், கொண்டுபோய் விடுகிறேன் என்று அனுமன் கேட்கும்போது மறுக்கிறாள். இலங்கையை மட்டுமா, எல்லை இல்லாத உலகங்களையே என் சொல்லால் சுட்டுவிடுவேன், அது ராமன் வில்லின் ஆற்றலுக்கு மாசு என்பதால் விட்டுவிட்டேன் என்கிறாள். அடையாளமாகச் சூடாமணியைக் கொடுத்து அனுப்புகிறாள். எலியை அனுப்பிய பாரசீக இளவரசியை நினைத்துப் பாருங்கள்.

வடசென்னைக்காரர்களுக்கு இந்தக் கதையில் ஒரு சொந்தமும் உண்டு. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குள் வட்டப்பாறை அம்மன் சன்னதி இருக்கிறது. கம்பர் அங்கே இராப்பொழுதில் ராமாயணம் எழுத, அம்மனே பந்தம் பிடித்தாள் என்று ஊரில் சொல்லிவருகிறார்கள், தனிப்பாடலும் இருக்கிறது. சிறையிருந்தவள் கதை எழுத வெளிச்சம் காட்டியவளும் ஒரு பெண் தெய்வம்.

தெய்வத்துக்குச் சொன்னதைக் கேமுக்கு எடுக்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். அந்தத் தெய்வத்துக்கே உரிய பெயர்கள் பிராட்டி, தாயார். ‘சிறையிருந்தவள்’ எளிய தமிழ், யாருக்கும் பொருந்தும். அதோடு சிறை என்றால் பழந்தமிழில் சிறகும்தான். ‘அஞ்சிறைத் தும்பி’யில் வருவது அந்தச் சிறை.

இனி அந்தப் பொடியன் கேட்ட கேள்வி. ஹீரோவுக்கு அவள் என்ன வேணும்? இங்கே ‘நாயகன், நாயகி’ என்று எழுதும் பழக்கம் ஒரு சிக்கல் செய்கிறது. தமிழில் அது ஜோடிச் சொல். நாயகன் என்றால் கணவன் என்றும் பொருள். லிங்க்கை நாயகன் என்றும் செல்டாவை நாயகி என்றும் எழுதிய உடனே கேம் செய்யாத கல்யாணத்தை நாம் செய்து வைத்துவிடுகிறோம். சங்க இலக்கியத்துத் தலைவன், தலைவியும் அப்படித்தான். ஆகவே ‘வீரன், இளவரசி’ என்று எழுதுவது பாதுகாப்பு. காதல் உறுதியாக இருக்கும் இடத்தில் மட்டும் காதலன், காதலி போடலாம்.

அந்த உறவைக் கேம்கள் பலவிதமாகக் காட்டியிருக்கின்றன. 1986-ல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’டில் குகையிலிருந்து மீட்ட இளவரசியை வீரன் கையில் ஏந்திக்கொண்டே நடக்கிறான், திரையில் அப்படியே தெரியும். கடைசியில் அவள் உன்னோடு வரட்டுமா என்று கேட்பாள். ‘வேண்டாம்’ என்று அழுத்தினால் மறுபடி கேட்பாள், சரி என்கிற வரை விடமாட்டாள். அதே கேமில் அவளை மீட்காமலே கதையை முடிக்கவும் வழி உண்டு. 2017-ல் ‘சூப்பர் மாரியோ ஒடிசி’யில் பவுசர் என்ற பெயரில் வரும் அதே குப்பா ராஜா, இளவரசியைக் கட்டாயக் கல்யாணம் செய்துகொள்ள ஏற்பாடு செய்கிறான். எல்லாம் முடிந்து மாரியோவும் பவுசரும் போட்டி போட்டுப் பூவை நீட்டுகிறார்கள். இரண்டு பேரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் கப்பலை நோக்கி நடக்கிறாள். காப்பாற்றியதால் கடன்பட்டவள் என்ற எண்ணத்துக்கு அந்தக் காட்சி கொடுத்த பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். அதே கேமில் ‘டாங்கி காங்’கின் பழைய பாலின் ஒரு நகரத்துக்கு மேயர்.

இவற்றில் என் மனசுக்கு நெருக்கமானது 2001-ன் ‘ஈகோ’. ஃபுமிட்டோ உயேடா செய்தது. சிறுவன் ஈகோ, சிறையிருந்த யோர்டாவின் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குப் புரியாது. கண்ட்ரோலரில் ஒரு பட்டனை அழுத்தியே இருந்தால்தான் கை பிடித்தபடி இருக்கும், விரலை எடுத்தால் கை விட்டுப்போகும். ஆனால் கோட்டையின் மந்திரக் கதவுகள் அவள் ஒளிக்கு மட்டும் திறக்கும். அவன் இல்லாமல் அவளும், அவள் இல்லாமல் அவனும் வெளியே வர முடியாது. முடிவில் மயங்கிக் கிடப்பவன் அவன், படகில் ஏற்றி அனுப்புகிறவள் அவள். அவள் அவனுக்கு என்ன வேணும் என்று இங்கே ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது.

இந்தச் சொல் பொருந்தாத இடமும் உண்டு. 2008-ல் வந்த ‘பிரெய்ட்’ கேமின் கடைசிக் கட்டத்தில் காலம் பின்னோக்கி ஓடும். உண்மையான வரிசையில் பார்க்கும்போதுதான் தெரியும், இளவரசி ஓடுவதே வீரனிடமிருந்து தப்பிக்கத்தான். அவளைச் சிறையிருந்தவள் என்று எழுதினால் கதையே தவறிவிடும். ‘துரத்தப்பட்டவள்’ என்பதுதான் சரி.

பயன்படுத்தும்போது சில வடிவங்கள் உதவும். ஆளைக் குறிக்கச் ‘சிறையிருந்தவள்’. கதை வகையைக் குறிக்கச் ‘சிறைமீட்புக் கதை’. கடத்தும் செயலுக்குச் ‘சிறையெடுத்தல்’ என்ற பழைய சொல்லே போதும். ஆண் மாட்டிக்கொண்டால் ‘சிறையிருந்தவன்’, அதற்கும் கேம்கள் இருக்கின்றன. 2005-ல் ஜப்பானில் வந்த ‘சூப்பர் பிரின்சஸ் பீச்’சில் மாரியோ பிடிபடுகிறான், இளவரசி மீட்கப் போகிறாள். 2024-ன் ‘எக்கோஸ் ஆஃப் விஸ்டம்’ தொடங்கும்போது செல்டா பளிங்குக்குள் அடைபட்டிருப்பாள். லிங்க் விட்ட அம்பு அதை விரிசல் விடச் செய்யும், அவன் பிளவுக்குள் விழுந்து மறைந்துவிடுவான். வெளியே வரும் செல்டாதான் பிறகு நாட்டையும் அவனையும் மீட்கப் புறப்படுகிறாள். அதைப் பற்றி எழுதும்போது முதல் காட்சிக்கு மட்டும் ‘சிறையிருந்தவள்’ போட்டு, அதற்கப்புறம் ‘வீராங்கனை’ என்று எழுதுங்கள்.