‘நாளைக்கு’ என்பதற்கு ஒரு சைகை

கொழும்பு மட்டக்குளியிலிருந்து ஒரு அம்மா தன் ஐந்து வயது மகனை என்னிடம் கூட்டி வந்தார். “வேலைக்குப் போக வெளிக்கிட்டாலே குழறுறான் மிஸ், பக்கத்து வீட்டு ஆக்கள் எல்லாம் கேட்கினம்” என்றார். பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தண்ணீர், சோறு, வேண்டாம், கக்கூஸ் என்று வீட்டில் தாங்களே உண்டாக்கிய ஏழெட்டுச் சைகைகள் இருந்தன. ‘நாளைக்கு’ இல்லை. ‘பிறகு’ இல்லை. ‘திரும்பி வருவேன்’ இல்லை. அம்மா கேட்டைத் தாண்டினால் அவன் கணக்கில் போனது போனதுதான். குழறாமல் என்ன செய்வான்?

நான் பேச்சு மொழி சிகிச்சையாளர். தொழிலுக்கு வந்த புதிதில் எத்தனையோ பெற்றோரிடம் “சைகை காட்டாதீங்க, பிறகு பேச்சு வராது” என்று சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இந்த எண்ணத்தின் வேர் பழையது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சால்தான் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ எல்லோருமே காது கேட்பவர்கள். அதே மாநாட்டு வரிசை 2010இல் வன்கூவரில் கூடியபோதுதான் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 வருடங்கள்.

சைகை பேச்சைத் தடுக்காது. முதல் ஐந்து வருடம் எந்த மொழியும் இல்லாமல் கழிவதுதான் பிள்ளையை முடக்குகிறது. காது மெஷின் போடுங்கள், வாய்ப்புக் கிடைத்தால் உட்காதில் கருவி பொருத்தும் கொக்லியர் சத்திரசிகிச்சையும் செய்யுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவை பலன் தரும்வரை மொழி காத்திருக்கக் கூடாது.

சரி, அந்த அம்மாவுக்கு எந்தச் சைகையைச் சொல்லிக் கொடுப்பது? இங்கேதான் சிக்கல். கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் இருக்கும் செவிப்புலனற்றோர் பாடசாலை 1912இலேயே தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் கைதடிப் பாடசாலை இருக்கிறது. சைகைகள் வளர்வது பிள்ளைகள் கூடும் விடுதியிலும் மைதானத்திலும்தான், ஆகவே பாடசாலைக்குப் பாடசாலை கொஞ்சம் வேறுபடும். “தமிழ் ஒன்றுதானே, சென்னைச் சைகையை எடுத்தால் என்ன?” என்று ஒரு தகப்பன் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் சைகை மொழி பேச்சு மொழியின் பின்னால் போவதில்லை. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஆங்கிலம்தான், ஆனாலும் இரண்டு நாட்டுச் சைகை மொழிகளும் முற்றிலும் வேறு. எழுத்துகளைப் பிரித்தானியாவில் இரண்டு கையாலும் அமெரிக்காவில் ஒரு கையாலும் காட்டுவார்கள். கொழும்பில் நான் பார்க்கும் செவிப்புலனற்ற சிங்கள இளைஞனும் தமிழ் இளைஞனும் கையால் பேசத் தொடங்கினால் நடுவில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதே இல்லை. என் மேசையிலுள்ள படப் புத்தகங்கள்தான் பெரும்பாலும் சிங்கள எழுத்தோடு நிற்கின்றன. சைகை பொது, அதன் கீழே வரும் எழுத்து மட்டும் தமிழ்ப் பிள்ளைக்கு அந்நியம்.

தேசிய சைகை மொழி என்றதும், ஒரு குழு அறைக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சைகையை முடிவு செய்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ‘ஒளித்தொகுப்பு’ (இலை வெயிலைக் கொண்டு உணவு தயாரிப்பது) என்பதற்குக் காது கேட்கும் ஆசிரியர்கள் சிலர் ‘ஒளி’, ‘தொகுப்பு’ என்று இரண்டு சைகையை ஒட்டவைத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த செவிப்புலனற்ற இளம்பெண் சிரித்துவிட்டு, ஒரு உள்ளங்கையை இலையாக விரித்தாள், மற்றக் கைவிரல்களை வெயிலாக அதன்மேல் இறக்கினாள். அப்புறம் அந்த இலை மெல்ல வளர்ந்தது. பாடமே அதில் முடிந்துவிட்டது! இப்படிப்பட்ட கைகளிலிருந்து திரட்டுவதுதான் அகராதி வேலை. இந்தியாவில் 2015இல் தொடங்கிய சைகை மொழி ஆய்வு மையம் 2018இல் 3,000 சொற்களோடு அகராதி வெளியிட்டது, 2021இல் அது 10,000 ஆனது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும், ஆனால் ஒரு சொல்லுக்கு இரண்டு சைகை புழங்கினால் இரண்டையும் பதிய வேண்டும். ஒன்றை மட்டும் ‘சரி’ என்று அச்சடித்தால் மற்றப் பாடசாலைப் பிள்ளை பிழையானவளாகி விடுவாள்.

எழுத்துகளைக் கைவடிவத்தால் காட்டும் விரலெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 247 எழுத்துக்கும் 247 கைவடிவம் தேவையில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, சேர்த்து 31 போதும். ‘கி’ என்றால் க்-ஐயும் இ-ஐயும் அடுத்தடுத்துக் காட்டலாம். அதுவும் பெயர்களுக்கும் புதுச் சொற்களுக்கும்தான். தமிழை எழுத்தெழுத்தாக விரலில் காட்டுவது சைகை மொழி அல்ல.

எனக்குப் பெரிய கவலை பாடநூல்தான். ‘நாய் பூனையைத் துரத்தியது’, ‘நாயைப் பூனை துரத்தியது’. காதால் தமிழ் கேட்டிராத பிள்ளைக்கு இரண்டும் நாய், பூனை, ஓட்டம்தான். அந்தச் சின்ன ‘ஐ’ அவன் கண்ணில் படுவதே இல்லை. சைகையிலோ நாயை இந்தப் பக்கம், பூனையை அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுக் கையை நகர்த்தினால் யார் யாரைத் துரத்தியது என்று பிழையில்லாமல் தெரியும். முதலில் சைகை வீடியோ, பிறகு அதே காட்சிக்குக் கீழே ‘ஐ’யை மட்டும் வேறு நிறத்தில் காட்டும் வாக்கியம். தமிழை அவனுடைய இரண்டாம் மொழியாக நினைத்து எழுதிய நூல் வேண்டும், இருக்கிற பாடத்தைச் சுருக்கிப் படம் ஒட்டினால் போதாது. ஐக்கிய நாடுகள் மாற்றுத்திறனாளிகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. சைகை மொழிக் கல்வியை அதன் 24ஆம் பிரிவு வெளிப்படையாகவே கேட்கிறது.

அந்த அம்மாவின் கதைக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை, கைதடியில் படித்த ஒரு அக்காவையும் இரத்மலானையில் படித்த ஒரு தம்பியையும் வரச் சொன்னேன். போனில் பன்னிரண்டு சின்ன வீடியோ எடுத்து, தமிழில் சொல் எழுதி, வட்ஸ்அப்பில் அனுப்பினோம். ‘நாளைக்கு’ என்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அரை மணி நேரம் கையாலேயே வாக்குவாதம். கடைசியில் இரண்டையும் அனுப்பினேன்.

பையன் அக்காவின் சைகையை எடுத்துக்கொண்டான். கேட்டில் நின்று அம்மாவிடம் அதைக் காட்டுகிறானாம், கேள்விபோலப் புருவத்தை உயர்த்தி.