ஆஸ்டியோசர்கோமா: எலும்பை ஆக்கும் புற்று

மருத்துவமனை அறிக்கையில் ‘ஆஸ்டியோசர்கோமா’ என்ற சொல்லைக் காணும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம், வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அதை ‘எலும்புப் புற்றுநோய்’ என்றே சொல்லும். தவறில்லை; ஆனால் மார்பகத்தில் தொடங்கி எலும்புக்குப் பரவிய புற்றையும் பேச்சுவழக்கில் நாம் அப்படித்தான் சொல்கிறோம். ஆஸ்டியோசர்கோமாவோ எலும்பிலேயே தோன்றுவது.

கிரேக்கத்தில் ‘ஆஸ்டியோன்’ எலும்பையும் ‘சார்க்ஸ்’ சதையையும் ‘ஓமா’ என்னும் ஈறு கட்டியையும் குறிக்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘எலும்புச் சதைக்கட்டி’ என வரும். படிப்பவர் எலும்பை ஒட்டிய தசையில் வரும் நோய் என்றே எண்ணிவிடுவார். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, தசை போன்ற திசுக்களில் தோன்றும் புற்றுகளுக்கெல்லாம் ‘சர்கோமா’ என்பது பொதுப்பெயர். அவற்றுள் இதைப் பிரித்துக் காட்டுவது, புற்றணுக்கள் தாமே முதிராத எலும்பை உண்டாக்குவதுதான். ஆகவே ‘எலும்பாக்கப் புற்று’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. குறள் வழங்கும் ‘என்பு’ என்ற பழஞ்சொல்லைக் கொண்டு ‘என்பாக்கப் புற்று’ எனலாம். பலதுறை மருந்தகத்தில் காத்திருப்பவருக்குத்தான் அது விளங்காது.

ஆக்கம் என்ற அச்சொல்லே இந்நோய் யாரைத் தாக்குகிறது என்பதையும் ஓரளவு உணர்த்துகிறது. அரிதான இந்நோய், எலும்பு விரைந்து நீளும் 10 முதல் 20 வயதுக்குள் மிகுதியாகவும், அதிலும் ஆண்பிள்ளைகளிடம் சற்றுக் கூடுதலாகவும் காணப்படுகிறது. முன்னதாகவே உயர்ந்துவிடும் பெண்பிள்ளைகளுக்குச் சற்று இளவயதிலேயே வருகிறது. இடமும் அப்படியே: வளர்ச்சி மிகுந்த முழங்காலைச் சுற்றியே பெரும்பாலும் தோன்றுகிறது, அடுத்தபடியாகத் தோளருகே. கனடாவின் டெரி ஃபாக்ஸ் 1977இல் தம் 18ஆம் வயதில் வலக்காலை இழந்தது இந்நோயால்தான். புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்ட 1980இல் செயற்கைக்காலுடன் 143 நாள்களில் அவர் 5,373 கிலோமீட்டர் ஓடினார்.

முதுமையிலும் இது வரும். எலும்பு ஒழுங்கின்றிப் புதுப்பிக்கப்பட்டு வலுவிழக்கும் பேஜெட் எலும்பு நோய் உள்ளவர்களும் முன்பு கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் அவ்வாறு பாதிக்கப்படுவோரில் அடங்குவர். பிறவியிலேயே சில மரபணு மாற்றங்களைக் கொண்டவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

இதனுடன் குழப்பிக்கொள்ளப்படும் சொல் ‘வளர்ச்சி வலி’. அது பெரும்பாலும் சிறு பிள்ளைகளின் இரு கால்களிலும் மாலையில் வந்து காலையில் மறைந்துவிடும். காற்பந்து ஆடும் உயர்நிலைப் பள்ளி மாணவனுக்கு ஒரே முழங்காலில் வாரக்கணக்கில் நீடித்து, தூக்கத்தைக் கெடுத்து, வீக்கத்துடன் சேரும் வலியை அப்பெயரால் அழைக்கலாகாது. அதற்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.