பேனிக்: பயமா, மிரட்சியா?

காரைக்குடிப் பக்கம் இப்போது வீட்டுக்கு வீடு புழங்குகிற சொல் 'பேனிக்'. போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் போதும், "அதுக்குள்ள பேனிக் ஆயிட்டீங்களா ஆச்சி?" என்கிறாள் சென்னையிலிருக்கும் பேத்தி. இதைப் 'பயம்' என்று சொன்னால் பாதிப் பொருள்தான் வரும். பயம் மெல்லவும் வரும், நாள்கணக்கில் உள்ளேயே கிடக்கும். பேனிக் சட்டென்று பிடிப்பது, யோசிக்க விடாது.

சொல்லின் வேர் கிரேக்கம். ஆட்டுக்காலும் கொம்பும் கொண்ட பான், அங்கே இடையர்களின் தெய்வம். காரணமே இல்லாமல் மந்தை சிதறி ஓடினாலோ, காட்டுவழியில் தனியாகப் போகிறவனுக்குக் குலை நடுங்கினாலோ அது பானின் வேலை என்றார்கள். அவன் பெயரால் அமைந்த சொல் பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. நம்மிடமும் இந்த எண்ணம் உண்டு. அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்னும் தொல்காப்பியம், விலங்கு, கள்வர், இறை (அரசன்) ஆகிய மூன்றுக்கும் முன்னால் அணங்கைத்தான், அதாவது வருத்தும் தெய்வத்தைத்தான், வைக்கிறது. உச்சிவேளையில் கண்மாய்க்கரைப் பக்கம் போன பிள்ளை காய்ச்சலோடு வந்தால் 'காத்துக் கருப்பு' என்று திருநீறு போடுவார்களே, அதுவும் இந்த வழிதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? செய்தித்தாள்கள் எழுதும் 'பீதி' வடசொல். ஊரே கலங்குவதற்கு அது பொருந்தும்: 1941 டிசம்பரில் பர்மாவின் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது, அங்கே தொழில் செய்துகொண்டிருந்த நம்மவர்கள் கடை கணக்கையெல்லாம் போட்டுவிட்டுக் கிளம்பியது பீதியில்தான். ஆனால் ஒருவரைத் திடீரென்று பிடிப்பதற்கு 'மிரட்சி' என்பேன். சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் பாருங்கள். அவிழ்த்துவிட்ட மாடு கூட்டத்தின் இரைச்சலில் காதை விடைத்து, கண் வெளுத்து, திக்குத் தெரியாமல் பாய்கிறது. 'மாடு மிரண்டுருச்சு' என்கிறோம். மந்தையிலிருந்து பிறந்த கிரேக்கச் சொல்லுக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியவில்லை. மனிதருக்கு 'அரண்டு போனான்' என்பதும் உண்டு. அரண்டவன் கண்ணுக்குத்தானே இருண்டதெல்லாம் பேய்.

மருத்துவர்கள் சொல்லும் 'பேனிக் அட்டாக்'கைத் 'திடீர் மிரட்சி' எனலாம். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், வியர்க்கும், உயிரே போவதுபோல் இருக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே உச்சத்துக்குப் போய் அப்புறம் தணியும். மாரடைப்பும் இதேபோல் தோன்றலாம் என்பதால், முதல்முறை வந்தால் 'வெறும் பயம்' என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.