300 வோல்ட் மேல் உட்கார்ந்திருக்கும் 5 வோல்ட்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மழைக்காலம் என்றால் சுவரே வியர்க்கும். தாத்தா தோட்டத்து லயத்தில் வைத்துக் கேட்ட வால்வு ரேடியோவுக்காக நான் கட்டிய பவர் சப்ளை, அப்படியொரு வாரத்தில்தான் மக்கர் செய்தது. ஏசியை டிசியாக்கும் வால்வான 5ஒய்3ஜிடி ரெக்டிஃபையரின் இழை, அணையப்போகும் சாம்பிராணி மாதிரி மங்கலாக இருந்தது. 300 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 240தான்.

வால்வைக் கழற்றி, அதன் இழையைச் சூடாக்கும் ஹீட்டர் டிரான்ஸ்ஃபார்மரை அளந்தேன்: 5.5 வோல்ட். நல்லாத்தானே இருக்கு!

"வால்வைக் கழட்டிட்டு, சுமை இல்லாம அளந்தா எல்லா டிரான்ஸ்ஃபார்மரும் யோக்கியன்தான் தம்பி" என்றார் பக்கத்து வீட்டு மாமா, தோட்டத்தில் ஒயர்மேனாக இருந்தவர்.

இந்த வால்வின் இழை கேட்பது 5 வோல்ட், 2 ஆம்ப். வோல்ட்டேஜ் 10 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. குறைந்தால் எலக்ட்ரான் போதுமான அளவு கிளம்பாது. கூடினால் இழையின் ஆயுசு குறையும். நம் வீட்டு மின்சாரம் இப்போது 230 என்றாலும் முன்பு 240தான். 220க்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை 240இல் மாட்டினால் 5 வோல்ட் 5.45 ஆகிவிடும்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. 5ஒய்3இல் இழையேதான் கேத்தோடு, அதாவது எலக்ட்ரானை வெளியிடும் முனை. உயர் மின்னழுத்தத்தை அதிலிருந்துதான் எடுக்கிறோம். எனவே ஹீட்டர் சுற்று முழுவதும் தரையிலிருந்து 300 வோல்ட் உயரத்தில் நிற்கும். 5 வோல்ட்தானே என்று விரலை வைத்தால் உயிருக்கே ஆபத்து. மற்ற வால்வுகளின் ஹீட்டரை இதோடு சேர்க்கவும் கூடாது: ஒலியைப் பெருக்கும் இசிசி83 வால்வில் ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவே தாங்கும் எல்லை 180 வோல்ட்தான். கேத்தோடு தனியாக உள்ள ஈஇசட்81 ரெக்டிஃபையர் என்றால் அது வேறு கதை.

ஹீட்டருக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்ததன் லாபம் இப்போதுதான் தெரிந்தது. உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மரின் பிளக்கைப் பிடுங்கினேன். கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் வந்த பிறகே கை வைத்தேன். வால்வை மாட்டி ஹீட்டரை மட்டும் எரியவிட்டால், டிரான்ஸ்ஃபார்மர் முனையில் 5.0, சாக்கெட்டின் 2, 8ஆம் கால்களில் 4.3. நடுவில் 0.7 வோல்ட் எங்கே போனது? அணைத்துவிட்டு ஒயரை நகத்தால் நெம்பினேன். ஒட்டியும் ஒட்டாத ஈயம், அடியில் பச்சைக் களிம்பு. 1 வாட்டுக்கு மேல் அங்கேயே சூடாக வீணாகியிருக்கிறது. சுரண்டி, தடித்த ஒயர் போட்டு, புதிதாக ஈயம் வைத்ததும் 4.9 வந்தது. அப்புறம் 300ம் வந்தது.

மாமா விடவில்லை. ஹீட்டர் டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் இரு முனைகளையும் கழற்றச் சொல்லி, சுருளுக்கும் அதன் இரும்புக்கும் நடுவே, மின்கசிவைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரை வைத்தார். மல்ட்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கும். 300இல் கசிவதை அது காட்டாமல் விட்டுவிடலாம். மெக்கர் காட்டியது 2 மெகாஓம். இப்போதைக்குக் கசிவு சின்னதுதான், ஆனால் ஈரம் ஏற ஏற இது இன்னும் இறங்கும். டிரான்ஸ்ஃபார்மரை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு 40 வாட் குண்டு பல்பை ராத்திரி முழுக்க எரியவிட்டோம். காலையில் ஆறவிட்டு அளந்தால் 60ஐத் தாண்டியிருந்தது.