ஃபயர் டோர்: தீத்தாங்கு கதவு

கட்டட வரைபடங்களில் 'ஃபயர் செக் டோர்' என்றோ, சுருக்கி 'எஃப்.சி.டி.' என்றோ குறித்திருப்பார்கள். இந்தியத் தரமான ஐஎஸ் 3614-ன் பழைய பதிப்புகளிலும் அதே பெயர்தான் இருந்தது. இங்கே 'செக்' என்பதைச் சோதனை என்று எடுத்துக்கொண்டால் பொருள் கெட்டது. சதுரங்கத்தில் ராஜாவுக்குச் சொல்கிறோமே, அந்தச் செக். அரசனைக் குறிக்கும் 'ஷா' என்ற பாரசீகச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், 'மறித்து நிறுத்து' என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டது. தீயை மறிக்கும் கதவு, அவ்வளவுதான்.

தமிழில் என்ன சொல்வது? 'தீயணைப்புக் கதவு' பொருந்தாது, கதவு எதையும் அணைப்பதில்லை. 'தீப்பிடிக்காத கதவு' இன்னும் மோசம். மரக்கதவுகூடச் சோதனையில் தேறும், கரிந்தபடியே குறித்த நேரம் நின்றால் போதும். 'தீத்தடுப்பு' நெருங்கி வருகிறது; ஆனால் அது தீ விபத்தே நேராமல் பார்த்துக்கொள்வதற்குப் பழகிப்போன சொல். இடிதாங்கி, சுமைதாங்கி வரிசையில் 'தீத்தாங்கு கதவு' என்பதே சரி. எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்வியும் அதிலேயே இருக்கிறது. லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீக்குப் (2017) பின் அங்கிருந்த ஒரு வீட்டுக் கதவைச் சோதித்தபோது, 30 நிமிடம் தாங்க வேண்டியது சுமார் 15 நிமிடமே தாங்கியது.

அந்த நேரத்தை உலையில் அளக்கிறார்கள். நிலை, கீல், பூட்டு, கதவைத் தானாக மூடவைக்கும் க்ளோசர் எல்லாவற்றோடும் கதவைச் சுவரில் பொருத்தி, எந்த நிமிடத்தில் எவ்வளவு சூடு என்று சொல்லும் ஐஎஸ்ஓ 834 என்ற சர்வதேசத் தர வளைவுப்படி சூடேற்றுவார்கள்: 30-வது நிமிடத்தில் சுமார் 842 டிகிரி செல்சியஸ், 60-ல் 945, 120-ல் 1049. வெளிப்பக்க இடுக்கில் பிடித்த பஞ்சு பற்றினாலோ, 25 மி.மீ. அளவுக்கம்பி உள்ளே நுழைந்தாலோ, 6 மி.மீ. கம்பி நுழைந்து இடுக்கோடு 150 மி.மீ. நகர்ந்தாலோ, 10 விநாடிக்கு மேல் சுடர் நின்றாலோ 'முழுமை', அதாவது தீயை மறுபக்கம் விடாத தன்மை, போயிற்று. 'வெப்பக்காப்பு' தனிக் கணக்கு: வெளிமுகத்தின் சூடு தொடக்கத்தில் இருந்ததைவிடச் சராசரியாக 140 டிகிரிக்கு மேலும், எந்த ஒரு புள்ளியிலும் 180-க்கு மேலும் ஏறக் கூடாது. 120 நிமிடம் என்று விற்கும் கதவு முழுமைக்கு மட்டும் தேறியதா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

பெரும்பாலும் பூட்டுப் பக்கத்து மேல்மூலைதான் முதலில் விட்டுக்கொடுக்கும். சூடான முகம் விரிந்து பலகை வளையும். உலையில் அழுத்தமும் மேலேதான் அதிகம். அந்த இடுக்கை அடைப்பது, சூட்டில் வீங்கும் 'இன்ட்யுமெசன்ட்' பட்டை. அது வீங்குவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். தமிழில் 'வீங்குபட்டை' எனலாம். ('உப்பும் பட்டை' என்றால் உப்பை நினைப்பார்கள்.) பக்கங்களில் இடைவெளி 3 மி.மீ. அளவில் இருந்தால்தான் பட்டை அதை நிரப்பும். தச்சர் 8 மி.மீ. விட்டுவிட்டால் எந்தப் பட்டையும் உதவாது.

கதவு நிற்கும் சுவர்வரிசைக்கு 'தீயரண்' என்ற சொல் பொருந்தும். மாடிப்படி, லிஃப்ட் லாபி வாசல்களுக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 120 நிமிடக் கதவு கேட்கிறது. ஆனால் அரணில் ஓட்டை இருந்தால் கதவு மட்டும் தாங்கி என்ன பயன்? வரைபடத்தில் அரணைச் சிவப்புக் கோடாக இழுத்து, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும் தொடருங்கள். கேபிள் ட்ரே போகும் துளைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். செங்கல் சுவரில் வைத்துச் சோதித்த கதவின் சான்றிதழ் ஜிப்சம் தடுப்புச் சுவருக்குச் செல்லாது, தீயில் அந்தச் சுவர் வேறு மாதிரி வளையும். நிலைக்கும் சுவருக்கும் நடுவே சாதாரண மஞ்சள் ஃபோம் அடிப்பதும் வேண்டாம், அதுவே எரியும்.

டைல்ஸ் போட்டபின் கதவு உரசுகிறது என்று அடியைச் சீவுவது தளத்தில் சகஜம். சீவிய கதவு சோதித்த கதவு அல்ல. தரைப்பூச்சின் கனத்தைக் கதவு அட்டவணையிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.