மீட்டர் பன்னிரண்டரை காட்டும், பம்ப் மட்டும் முனகும்

மலேசியாவின் நிபோங் திபால் ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள், ஊரை ஒட்டிக் கிரியான் ஆறு. வாரநாளெல்லாம் தோட்டத்து டிராக்டருக்கு அடியில் படுத்துக் கிடக்கும் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன், ஞாயிறு வந்தால் ஊடாங் காலா எனும் பெரிய ஆற்று இறால் பிடிக்கத் தன் சின்ன ஃபைபர் படகோடு ஆற்றில் இறங்கிவிடுவார். ஒருநாள் வெறுங்கையோடு திரும்பினார். படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கிற பம்ப் முனகுகிறது, தண்ணீர் வெளியே வரவில்லை. புதுப் பம்ப் வாங்கி மாட்டினார். அதுவும் முனகியது.

"தம்பி, பேட்டரி நல்லாத்தான் இருக்கு லா. பம்ப்பக் கழட்டிட்டு வயர் முனையில மீட்டர் வச்சுப் பாத்தேன், அங்கயும் பன்னெண்டரை காட்டுது. அப்புறம் என்னதான் கோளாறு?"

கோளாறு அவர் சொன்ன வாக்கியத்திலேயே இருந்தது. பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்திருக்கிறார்.

தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நடு இரவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் சீறும். காலையில் எல்லா வீடும் திறந்தால் சொட்டும். குழாய்க்குள் பாதி துரு அடைத்திருந்தாலும், யாரும் திறக்காதபோது அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். ஓடும்போதுதான் அடைப்பு தன் வேலையைக் காட்டும். வோல்ட் என்பது அழுத்தம், ஆம்பியர் என்பது ஓட்டம். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். அது இழுக்கும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு. அந்த ஓட்டத்துக்கு, பச்சை பூத்து அரைகுறையாய் ஒட்டிக்கொண்டிருக்கும் இணைப்பே போதும்.

ஆகவே பம்ப்பை மறுபடி மாட்டி, சுவிட்சைப் போட்டு, அது முனகிக்கொண்டிருக்கும்போதே அளந்தோம். பேட்டரி முனைகளில் 12.4 வோல்ட். ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரி முழுச் சார்ஜில் சுமார் 12.6 காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. எனவே பேட்டரிமேல் பழி இல்லை. பம்ப்பின் முனைகளில் 8.8 மட்டுமே. இடையில் 3.6 வோல்ட் எங்கேயோ தின்னப்பட்டிருக்கிறது.

தின்பது யார் என்று பிடிக்க ஒரு வழி உண்டு. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையை பம்ப்பின் பாசிட்டிவிலும் வைக்க வேண்டும். ஒரே வயரின் இரு தலை. "ரெண்டும் பாசிட்டிவ்தானே, என்னத்தைக் காட்டும்?" என்றார் அண்ணன். நல்ல வயரானால் கிட்டத்தட்ட சுழியம் காட்ட வேண்டும், எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவு அந்த வழியில் தொலைகிறது. 0.2 காட்டியது. தப்பில்லை. அதேபோல நெகட்டிவ் பக்கம் வைத்தோம்: 3.4. கூட்டிப் பாருங்கள், 8.8, 0.2, 3.4 சேர்ந்தால் 12.4.

நெகட்டிவ் பக்கம் அண்ணன் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. டிராக்டரில் வண்டியின் இரும்பு உடம்பே நெகட்டிவ், விளக்குக்கு ஒரு வயர் போனால் போதும். ஃபைபர் படகுக்கு அப்படி உடம்பு கிடையாது. போன மின்சாரம் திரும்பி வர ஒவ்வொன்றுக்கும் தனி வயர் வேண்டும். மின்சாரத்துக்குப் போகிற பாதை எவ்வளவு முக்கியமோ, வருகிற பாதையும் அவ்வளவு முக்கியம். படகில் கோளாறைத் தேடும்போது மறக்கக் கூடாத இடம் இந்தத் திரும்பும் பாதை.

3.4 வோல்ட் என்றால் பெரிதா? 240 வோல்ட் வரும் வீட்டில் அவ்வளவு குறைந்தால் மின்விசிறிக்குக்கூடத் தெரியாது. 12 வோல்ட்டில் அது கால் பங்குக்கும் மேல். ஜியார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதிப்படி வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை: ஓட்டம் 2.3 ஆம்பியர், ஆக அந்த இணைப்பின் தடை ஏறத்தாழ 1.5 ஓம். அங்கே வீணாகும் வெப்பம் 7 வாட்டுக்கும் மேல், அதுவும் ஒரு புளியங்கொட்டை அளவு இடத்தில். பம்ப் சுற்றியும் தண்ணீர் வராததற்கும் இதில் விடை இருக்கிறது. வோல்ட் குறைந்தால் மோட்டார் வேகம் குறையும். இந்த வகைப் பம்ப் தண்ணீரைத் தள்ளும் உயரமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். வேகம் பத்தில் ஏழானால் உயரம் பாதியாகிவிடும். தண்ணீர் ஓஸ் குழாய்க்குள் பாதி ஏறி நின்றுவிட்டது.

படகின் அடிப்பலகையைத் தூக்கினோம். இரண்டு வயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே பச்சைத்தூள். கடல் ஏற்றத்தின்போது கிரியானின் கீழ்ப்பகுதியில் உப்புக் கலக்கும். டேப் அந்த ஈரத்தைத் தடுப்பதில்லை, உள்ளே பூட்டி வைக்கிறது. செம்பு இழைகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளி வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, உப்புநீர் உறைக்குள்ளேயே ஏறிவிடும். வெளியே வயர் புதுசாட்டம் மினுங்கும், உள்ளே கரி. ஒரு சாண் வெட்டிய பிறகுதான் எங்களுக்குப் பளபளக்கும் செம்பு கிடைத்தது.

இந்த இணைப்பு பாசிட்டிவ் பக்கம் இருந்து தண்ணீரிலும் முங்கியிருந்தால் இன்னும் மோசம். அங்கே நடப்பது மின்பகுப்பு. பாசிட்டிவ் முனையின் செம்பு அயனியாகிக் கரைந்துகொண்டே இருக்கும்; இணைப்பு பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் நடுவில் இருந்தால், பம்ப் ஓடாதபோதும்கூட.

வெள்ளீயம் பூசிய வயர், அழுத்திப் பிடிக்கும் செம்பு முனை, சூடு காட்டினால் உள்ளிருக்கும் பசை உருகி ஒட்டிச் சுருங்கும் குழல். இவ்வளவுதான் மருந்து. அண்ணன் ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்துவிடும், படகு அதிரும்போது அந்த விறைப்பின் விளிம்பில்தான் இழைகள் ஒடியும். இணைப்பை பலகைக்கு அடியிலிருந்து தூக்கி, தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டினோம்.

பியூஸ் பெட்டியைத் திறந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பியூஸ் இருக்க வேண்டிய ஓரிடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். பியூஸ் இருப்பது பம்ப்பைக் காக்க என்று பலர் நினைக்கிறார்கள், அது காப்பது வயரை. பாசிட்டிவும் நெகட்டிவும் நேராக உரசினால் இந்த பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், வயர் நெருப்பாகும். பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் அதன் இடத்தில் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டிவிட்டு, கருவிகளையெல்லாம் வயரிலிருந்து கழற்றி, சுவிட்சைப் போட்டு, வயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். உரசல் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும். எந்த வயரைத் தொட்டதும் அணைகிறதோ, உரசல் அங்கே.

சுவிட்சைப் போட்டதும் பம்ப் உறுமியது. நெகட்டிவ் பக்கம் இப்போது 0.1 வோல்ட். அண்ணன் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு எழுந்து போய், கோழிக்கூண்டுக்குப் பின்னால் தூக்கிப் போட்டிருந்த பழைய பம்ப்பை எடுத்து வந்து, ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, பேட்டரியில் நேராகத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் கொட்டகைக் கூரை வரை பீய்ச்சியது.